கிளினிக் நோயாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது: எதை, எப்போது, யாருடைய எண்ணுக்கு?

படுவான்கரைத் தாதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலுள்ள ஒரு வைத்தியசாலையில் தாதி உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். எங்கள் தொற்றா நோய்க் கிளினிக்குக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் உள்ள, ஐம்பது வயதைக் கடந்த விவசாயிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும். மாதந்தோறும் வந்து பிரஷர் பார்த்து, அடுத்த மாதத்துக்கான குளிசைகளை எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் பெரும்போக அறுவடைக் காலத்தில் வருவதில்லை. மார்கழி மழையில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வீதிகள் நீரில் மூழ்கினால், வர விரும்பினாலும் அவர்களால் வர முடிவதில்லை. கிளினிக் நாள் போயா (பௌர்ணமி) விடுமுறையில் விழுந்து, நாங்கள் அதை வேறொரு நாளுக்கு மாற்றினால், அது தெரியாமல் பழைய நாளிலேயே வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரும்படி கொப்பியில் எழுதிக் கொடுத்தாலும், அதிகாலையில் பிட்டும் தேநீரும் முடித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்று, முறை வரும்போது "கொஞ்சந்தானே புள்ள சாப்பிட்ட" என்று சொல்லும் ஐயாமாரைத் திருப்பி அனுப்பவும் மனம் வருவதில்லை, அந்த இரத்தத்தை எடுத்துப் பயனும் இல்லை.

2020இல் ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பியதால், அப்போது கிளினிக் கொப்பிகளிலும் எங்கள் பதிவேட்டிலும் தொலைபேசி எண்களைக் குறித்துக்கொண்டோம். அந்த எண்கள் இப்போதும் கையிலிருக்கின்றன. அவற்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாமா என்று எங்கள் வைத்தியர் கேட்டார். பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. இதனால் உண்மையில் பயன் உண்டா? நினைவூட்டுவதோடு நிறுத்துவதா, உணவு, உடற்பயிற்சி பற்றியும் எழுதுவதா? வட்ஸ்அப் குழு ஒன்று அமைத்துவிட்டால் வேலை இலகுவாகும் என்று சிலர் சொல்கிறார்கள். முடிவெடுக்குமுன் அனுபவமுள்ளவர்கள் சொல்வதைக் கேட்க விரும்புகிறேன்.

மட்டுநகர் சமூக மருத்துவம் எழுதியது:

பயன் உண்டா என்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும், ஒருவரைக் குறித்த நாளில் கிளினிக்குக்கு வரவைப்பது வேறு, வந்தவருடைய நோயைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவது வேறு. முதலாவதற்குச் சான்று நன்றாகவே இருக்கிறது. பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வில், நினைவூட்டல் எதுவும் கிடைக்காதவர்களில் 67.8 வீதமானோரும், குறுஞ்செய்தி கிடைத்தவர்களில் 78.6 வீதமானோரும், தொலைபேசியில் அழைத்து நினைவூட்டப்பட்டவர்களில் 80.3 வீதமானோரும் குறித்த நாளில் சமுகமளித்திருந்தனர். அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் இடையிலான வித்தியாசம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஒருவர் காலை முழுவதும் உட்கார்ந்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருப்பதைவிட, அதே எண்களுக்கு ஒரே தடவையில் செய்தி அனுப்புவது எவ்வளவு மலிவு என்பதைத் தாதி ஒருவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவதில் படம் அவ்வளவு தெளிவில்லை. சென்னையிலுள்ள நீரிழிவு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 537 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உணவு, நடைப்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளை இரண்டு ஆண்டுகள் அனுப்பினார்கள். முடிவில் செய்தி கிடைக்காதவர்களில் 27 வீதமானோருக்கும், கிடைத்தவர்களில் 18 வீதமானோருக்கும் நீரிழிவு வந்திருந்தது. நம்மைப் போலவே சோறு உண்ணும் மக்களிடம் கிடைத்த முடிவு என்பதால் அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஆனால் அவர்கள் வேலைக்குச் செல்லும் வயதினர். இன்னும் நோயாளரானவர்கள் அல்லர். ஆண்டுக் கணக்கில் குளிசை போட்டுக் களைத்துப்போன உங்கள் நோயாளரிடமும் அதே அளவு மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது கென்ய ஆய்வு. 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. எச்ஐவி மருந்து உட்கொள்ளத் தொடங்கிய 538 பேரில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு முறை "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுச் செய்தி போகும். மருந்து என்றோ நோய் என்றோ அதில் ஒரு சொல்லும் கிடையாது. நலம், அல்லது பிரச்சினை இருக்கிறது என்று அவர்கள் இரண்டு நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். பிரச்சினை என்று எழுதியவருக்கும், பதிலே அனுப்பாதவருக்கும் கிளினிக்கிலிருந்து ஒருவர் அழைத்துப் பேசுவார். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் செய்தி கிடைத்த பிரிவில் 62 வீதம், மற்றப் பிரிவில் 50 வீதம். இரத்தத்தில் வைரஸ் அடங்கியிருந்தவர்கள் முறையே 57 வீதமும் 48 வீதமும்.

ஆகவே எதை எழுதுவது என்று யோசிக்குமுன், வரும் பதிலை யார் வாசிப்பார், யார் திரும்ப அழைப்பார் என்பதைத் தீர்மானியுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால் கேள்வி கேட்கும் செய்தியை அனுப்ப வேண்டாம். கிளினிக் நாளை நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதில் எழுதிவிட்டு ஒருவரும் கவனிக்காமல் காத்திருந்தவர் அடுத்த செய்தியைத் திறந்தே பார்க்க மாட்டார்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை எழுதியது:

தாதி அவர்களே, நோயாளரின் பிள்ளையாக ஒரு விடயம் சொல்லலாமா? அம்மாவிடம் பொத்தான் தொலைபேசி ஒன்று இருக்கிறது. அழைப்பு வந்தால் எடுப்பார். செய்தி வந்தால் வாசிக்க மாட்டார், அது வந்த சத்தத்தைக்கூடக் கவனிக்க மாட்டார். எங்கள் வீட்டில் கிளினிக் நாளை மறக்காமல் வைத்திருப்பவர் குவைத்தில் வேலை செய்யும் என் தங்கை. முதல் நாள் இரவு அங்கிருந்து அழைத்து, "அம்மா, விடிய ஒண்டும் சாப்பிடாதீங்க" என்று சொல்பவளும் அவள்தான். ஆகவே பதிவேட்டில் நோயாளரின் எண்ணோடு, அந்த வீட்டில் செய்தியை வாசித்துச் சொல்லக்கூடியவர் யார், அவருடைய எண் எது என்பதையும் கேட்டு எழுதுங்கள். அவர் வெளிநாட்டில் இருந்தாலும் பரவாயில்லை. அத்தகையவருக்கு மட்டும் வட்ஸ்அப்பில் தனியாக அனுப்பலாம்.

அக்கரைப்பற்று மென்பொருள் எழுதியது:

சகோதரி, இதன் தொழில்நுட்பப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனெனில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கும் எல்லோரும் முதல் மாதக் கட்டணப் பட்டியலைப் பார்த்துத் திகைப்பார்கள்.

ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் கொள்ளும் என்பது ஆங்கிலத்துக்கு உரிய கணக்கு. தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 இடங்கள்தான் கிடைக்கும். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் தேவைப்படுவதால் ஒவ்வொரு துண்டிலும் 67தான் மிஞ்சும். அந்த 70உம் நாம் பள்ளிக்கூடத்தில் எண்ணிய எழுத்துகள் அல்ல. விசிறி, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக இடம் பிடிக்கும். "மருந்து" என்பதை நாம் நான்கு எழுத்து என்போம். தொலைபேசி அதை ஏழாக எண்ணும்.

உங்களுக்குத் தேவையான செய்தியையே எடுத்துக்கொள்வோம். "நாளை வெறும் வயிற்றில் வரவும். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கொண்டு வரவும்." இது 80 இடம் பிடிக்கிறது, இரண்டு செய்திக்கான காசு போகும். "நாளை வெறும் வயிற்றில் கிளினிக் வரவும். கொப்பி, குளிசை கொண்டு வரவும்." இது 68. ஒரே செய்தியில் அடங்கிவிடும், சொல்ல வந்ததில் ஒன்றும் குறையவில்லை. நூற்றுக்கணக்கானோருக்கு மாதந்தோறும் அனுப்பும்போது இந்த வித்தியாசம் செலவைப் பாதியாக்கும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் இடம் மிச்சமாகும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இளைஞர்கள் அதை வாசிப்பார்கள். உங்கள் ஐயாமார் வாசிக்க மாட்டார்கள்.

பழைய தொலைபேசிகள் சிலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லாததால் செய்தி வெறும் பெட்டி பெட்டியாகத் தெரியும். எண்ணைப் பதியும்போதே, மேசையில் வைத்து ஒரு பரிசோதனைச் செய்தியை அனுப்பி அவருடைய திரையைப் பார்த்துவிடுங்கள். எண் சரியா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

மேலே வைத்தியர் சொன்ன பதில் விடயத்தில் ஒரு பொறி இருக்கிறது. மொத்தமாகச் செய்தி அனுப்பும் சேவையை வாங்கினால், அனுப்புபவரின் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக வைத்தியசாலையின் பெயர் வரும்படி செய்யலாம். பார்ப்பதற்கு அது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அப்படி வரும் செய்திக்குப் பதில் அனுப்ப முடியாது. பதில் வேண்டுமென்றால் கிளினிக்குக்கென்று சாதாரண சிம் ஒன்றை வாங்கி, அந்த எண்ணிலிருந்து அனுப்புங்கள்.

குடும்பநல உத்தியோகத்தர், அம்பாறை கரையோரம் எழுதியது:

வட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம். குழுவில் சேர்க்கப்பட்ட அன்றே ஊரில் யார் யாருக்கு என்ன வருத்தம் என்பதை, அவர்களுடைய எண்களோடு சேர்த்து, குழுவிலுள்ள அத்தனை பேரும் அறிந்துவிடுவார்கள். சீனி வருத்தத்தைப் பலர் வெளியில் சொல்லத் தயங்குவதில்லை என்பது உண்மைதான், ஆனாலும் திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் அதையும் மறைப்பார்கள். மனநலக் கிளினிக்குக்கோ காசநோய்ச் சிகிச்சைக்கோ வருபவர்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

நான் கர்ப்பிணித் தாய்மாருக்கும் குடும்பத் திட்டமிடல் செய்பவர்களுக்கும் சில காலமாகச் செய்தி அனுப்புகிறேன். பெயரையோ நோயையோ மருந்தையோ செய்தியில் எழுதுவதில்லை. நாளும் நேரமும் மட்டும்தான். அந்தத் தொலைபேசி மாலையில் கணவரின் கையில் இருக்கும், இரவில் மகன் அதில் விளையாடிக்கொண்டிருப்பான் என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொரு செய்தியையும் எழுதுகிறேன். அனுப்பலாமா, எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் என்று முதலிலேயே அவரிடம் கேட்டுக்கொள்வேன், விருப்பமில்லாதவருக்கு அனுப்புவதில்லை. உங்களிடமுள்ள எண்கள் 2020இல் மருந்து அனுப்புவதற்காகத் தரப்பட்டவை, இதற்காக அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வகைப்படுத்துகிறது. ஆகவே அடுத்த கிளினிக்கில் ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், தங்கச்சி. பின்னர் ஒருவரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது.

ஆய்வு மாணவன், வந்தாறுமூலை எழுதியது:

மேலே கென்ய ஆய்வை மட்டும் முன்வைத்து, பதில் கேட்கும் செய்தியே சிறந்தது என்ற எண்ணத்தை ஏற்படுத்திவிட்டார்களோ என்று தோன்றுகிறது. அதற்கு மாறான முடிவுகளும் இருக்கின்றன. கேப் டவுனில் உயர் குருதி அமுக்கமுள்ள 1,372 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், தகவல் மட்டும் அனுப்பப்பட்டவர்களின் பிரஷரில் மேல் அளவு, வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடும்போது, 2.2 மில்லிமீற்றர்தான் குறைந்தது. பதில் அனுப்பும் வசதி கொடுக்கப்பட்டவர்களுக்கு அதைவிட அதிகப் பயன் எதுவும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு கராச்சியிலிருந்து வெளிவந்த காசநோய் ஆய்வு இன்னும் பெரிது. 2,207 பேர் பங்கேற்றார்கள். மருந்து எடுத்தீர்களா என்று நாள்தோறும் கேட்டுப் பதில் பெறும் முறை. சிகிச்சை வெற்றி செய்தி பெற்றவர்களிலும் 83 வீதம், பெறாதவர்களிலும் 83 வீதம். ஏற்கெனவே ஆளணி போதாத கிளினிக்கில் பதில் வாசிக்கவும் ஒருவரை உட்கார வைப்பதற்கு இந்தச் சான்று போதுமா?

மட்டுநகர் சமூக மருத்துவம் எழுதியது:

தம்பி, இரண்டையும் நீங்கள் சுட்டிக்காட்டியது நல்லது. குறுஞ்செய்தி அனுப்பினால் பிரஷர் இறங்கிவிடும் என்று எந்த நோயாளருக்கும் வாக்குறுதி கொடுக்கக் கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். இரண்டு மில்லிமீற்றர் ஒரு நோயாளருக்கு ஒரு பொருட்டல்ல. நாடு முழுவதும் அவ்வளவு குறைந்தால் பக்கவாதங்கள் குறையும், ஆனால் அது தாதி அவர்களின் கிளினிக்குக்கு உரிய கணக்கு அல்ல.

ஆனால் கேப் டவுன் ஆய்வின் செய்முறையைச் சற்றுக் கவனியுங்கள். அங்கே நோயாளரின் பதிலுக்கு மறுபதில் அனுப்பியது கணினி. முன்கூட்டியே எழுதிவைத்த தெரிவுகள் சில அவருக்குப் போகும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கென்யாவிலோ, பதில் வராதபோது சுகாதார ஊழியர் ஒருவர் அழைத்து, நோயாளரின் குரலைக் கேட்டு, பஸ் காசு இல்லையா, வாந்தி வருகிறதா, மருந்தை வீட்டில் யாராவது பார்த்துவிட்டார்களா என்று விசாரித்தார். செய்தி அங்கே செய்த வேலை, அன்று யாரை அழைக்க வேண்டும் என்று காட்டியது மட்டும்தான். படுவான்கரையில் அது முடியாத காரியமல்ல, எல்லோருக்கும் தேவையுமில்லை. இன்சுலின் போடத் தொடங்கியவர்கள், அண்மையில் மருந்து மாற்றப்பட்டவர்கள், இரண்டு கிளினிக்குகளுக்கு வராமல் விட்டவர்கள் ஆகியோருக்கு மட்டும் கேள்விச் செய்தி போகட்டும், மற்றவர்களுக்கு நினைவூட்டல் போதும்.

பதில் அனுப்பும் எண்ணைக் கொடுத்தால் ஒரு ஆபத்தும் கூடவே வரும். நெஞ்சு நோவு வந்தவர் அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கக்கூடும். நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், கை கால் விழுதல் என்றால் செய்தி எழுதாமல் உடனே 1990 என்ற எண்ணில் அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும் என்று சம்மதம் வாங்கும்போதே வாயால் சொல்லி, கொப்பியின் முன் அட்டையிலும் எழுதிக் கொடுங்கள்.

காத்தான்குடி மருந்தாளர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். சகோதரியின் கிளினிக்குக்கு முஸ்லிம் நோயாளர்களும் வருவார்கள் என்று நினைக்கிறேன். நோன்புக் காலத்துக்குத் தனிச் செய்திகள் தேவை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து செனகலில் 2014இல் ரமழானுக்காகவே நீரிழிவுக் குறுஞ்செய்திகளை அனுப்பின. நம் ஊரில் நான் காண்பது என்னவென்றால், நோன்பு தொடங்கியதும் பலர் காலைக் குளிசையைத் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள், அல்லது இரண்டு வேளைக் குளிசையையும் மாலையில் நோன்பு திறக்கும் இஃப்தாரோடு ஒன்றாக விழுங்கிவிடுகிறார்கள். இரண்டாவது பழக்கம் மிகவும் ஆபத்தானது. எனவே முதல் செய்தி, நோன்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னரே வைத்தியரைச் சந்தித்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். நோன்பு நாட்களில், இரத்தத்தில் சீனியின் அளவு (mg/dL) 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்ற செய்தியைப் பிற்பகல் அஸர் தொழுகையை ஒட்டி அனுப்புங்கள். சீனி இறங்கி மயக்கம் வரக்கூடிய நேரம் அதுதான். விடியுமுன் உண்ணும் ஸஹருக்கு எழுப்பும் செய்தி தேவையில்லை, அதைப் பள்ளிவாசல் பார்த்துக்கொள்ளும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதை மட்டும், இயலுமானால் பள்ளிவாசல் நிர்வாகத்தினரையும் கலந்துகொண்டு, ஒரு செய்தியாக அனுப்புங்கள்.

படுவான்கரைத் தாதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வைத்தியரிடமும் பேசினேன். வட்ஸ்அப் குழு யோசனையைக் கைவிட்டுவிட்டோம். முதலில் கிளினிக்குக்கு முந்திய நாள் மாலை ஐந்து மணியளவில், வயலிலிருந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து, அந்த 68 எழுத்துச் செய்தியை அனுப்பப்போகிறோம். காலையில் அனுப்பினால் மாலைக்குள் மறந்துவிடுவார்கள், இரவில் அனுப்பினால் தூங்கிவிடுவார்கள். கிளினிக் நாள் மாறினாலோ வெள்ளத்தால் இடம் மாறினாலோ தெரிந்தவுடனேயே வேறொரு செய்தி போகும். இன்சுலின் போடுபவர்களுக்கு மட்டும் வாரம் ஒரு முறை கேள்விச் செய்தி. பதில்களைச் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் நானும் இன்னொரு தாதியும் மாறி மாறிப் பார்ப்போம். சம்மதப் பத்திரம் தயாராகிறது.

இன்னும் ஒன்றுதான் எனக்குத் தெளிவில்லை. எங்கள் பகுதியில் சிம் மாற்றுவது சட்டை மாற்றுவது போல. சலுகை எங்கே கிடைக்கிறதோ அந்த நிறுவனத்துக்கு மாறிவிடுவார்கள், பழைய எண் கொஞ்ச நாளில் வேறொருவருக்குப் போய்விடும். அந்த வேறொருவருக்கு எங்கள் செய்தி போனால் என்ன செய்வது?

அக்கரைப்பற்று மென்பொருள் எழுதியது:

செய்தியில் பெயரும் நோயும் இல்லாததால் அவருக்கு அது குழப்பமாக இருக்குமே தவிர, நோயாளரைப் பற்றி ஒன்றும் வெளியாகாது. அதற்காகத்தான் மேலே அந்த அக்கா அவ்வளவு வற்புறுத்தினார். மற்றபடி, குளிசை கொடுக்கும் யன்னலில் "போன் நம்பர் அதேதானா?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்கச் சொல்லுங்கள். நீங்களாக எண்ணை வாசித்துக் காட்ட வேண்டாம், அவரையே சொல்லச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டினால் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எண் மாறியிருந்தால் பழையதை அன்றே பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து சென்றடையாத எண்களைத் தனியாகப் பிரித்துத் தரும் எளிய விரிதாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. தனிமடலில் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.